பொடக்காலித் தளம்

மார்ச் 3, ஞாயிறு

காலை 5.40க்கு எழுந்தேன். பால்காரர் வழக்கம்போல அரை லிட்டர் ஊற்ற வந்தார். கால் லிட்டர் போதும் என்றேன். “அம்மா இன்னும் வரலீங்ளா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கால் லிட்டர் பாலுக்குக்கூட ஊருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாந்தாமணி போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். மகள் சுகந்திக்கு ஈரோட்டில் பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள், சுக்கு, பூண்டு, பழைய பருத்திச் சேலைகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள். முதல் பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும் என்பார்கள். இங்கே நடக்கவில்லை. அதனால் தாய் கிளம்பிப் போனாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“எம்பட புள்ள இந்த வூட்டுக்கு வர்றன்னைக்குத்தான் நானும் வருவேன். அதுவரைக்கும் நீங்க உங்க வாசப்படியக் கட்டிப் புடிச்சுட்டு இருங்க.”

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என்ன செய்தி என்று இப்போது ஞாபகம் இல்லை.

மதியம் ரசம் வைத்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. சாப்பிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

இந்த டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. நான் முப்பத்து மூன்று வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன். வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதுவதுதான் உத்தியோகம். ரிட்டையர் ஆன பிறகும் எதையாவது எழுதாவிட்டால் கை அரிக்கிறது. ‘நாச்சிமுத்து கை பேனா இல்லாம சாகாது’ என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

வாசப்படி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் சுகந்தி, மதிவாணன் என்கிறவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் காலனிப் பையன். பங்காளிகள் பதினெட்டுப் பேர் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, “என்ன பண்ணப் போறே?” என்றார்கள். அவர்களை எழுப்பி அனுப்ப எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. கருப்பராயன் கோயிலில் எல்லோர் முன்னாலும் சூடம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினேன். “இனி அவ எம்பட வாசப்படிய மிதிச்சா, எம்பட வமுசம் வெளங்காது.”

பங்காளிகள் திருப்தியாகப் போய் டிபன் சாப்பிட்டார்கள்.

எனக்கு வம்சம் என்று இருப்பது சுகந்தி ஒருத்திதான். இப்போது அவள் குழந்தையும். அன்றைக்கு அது மண்டையில் ஏறவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

மார்ச் 8, வெள்ளி

கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் சத்தியத்தை எடுத்துவிடலாம் என்று சாமி சொல்வதாக அர்த்தம். பூசாரி இரண்டையும் சாமி காலடியில் போட்டுப் புரட்டி, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். சிவப்பு.

“சாமிக்கு இப்ப மனசு வரலீங்க. ஆடி போகட்டும், மறுக்காக் கேட்டுப் பாப்பம்” என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் கழுவி வைத்தேன். அழுக்கு ஒன்றுதான்.

மார்ச் 10, ஞாயிறு

மத்தியானம் பொடக்காலியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி மண் தரை. துணி துவைக்கிற கல், கறிவேப்பிலை, உடைந்த அம்மி, அவ்வளவுதான் அங்கே. வீட்டிலிருந்து அங்கே போகச் சமையலறைக் கதவு. வெளியிலிருந்து வர, பின்சந்தில் ஒரு தகரக் கதவு.

தகரக் கதவுக்குப் போய்ப் பார்த்தேன். கீழே படி இல்லை. நிலைச்சட்டமும் இல்லை. இரண்டு இரும்புக் கம்பத்தில் தொங்குகிறது. தாண்டினால் மண்.

சத்தியத்தில் நான் சொன்னது வாசப்படி.

தரை மழைக்குச் சேறாகிறது. ஒரு தளம் போட்டால் துணி காயப்போட வசதியாக இருக்கும்.

மார்ச் 12, செவ்வாய்

கொத்தனார் வந்து அளந்துவிட்டு ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு ஒரு கல்யாணமே பண்ணிவிடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாணம் என்கிற வார்த்தையை எடுக்கிற நிலைமையில் இந்த வீடு இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நானே போட்டுவிடலாம். பஸ் ஸ்டாண்டில் தளம் போடும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நேரம்தான் நிறைய இருக்கிறதே.

மார்ச் 15, வெள்ளி

ஐந்து அங்குலம் மண் எடுக்க வேண்டும். இன்று ஒரு மூலை மட்டும் எடுத்தேன். 7.10க்கு ஆரம்பித்து 9.30க்கு நிறுத்தினேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

மார்ச் 16, சனி

இன்னொரு மூலை.

மார்ச் 18, திங்கள்

பின்சந்துக்கு அந்தப் பக்கம் யாரோ வீடு கட்டுகிறார்கள். அங்கே சித்தாளாக வருகிற மாராத்தாள் மத்தியானம் குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தகரக் கதவுக்கு வருவாள். காலனிப் பொம்பளை, ஐம்பது வயதிருக்கும். அவளைப் போன்றவர்களுக்கு என்று பொடக்காலிச் சுவர் மேல் ஒரு சொம்பு கவிழ்த்திருக்கிறது. சாந்தாமணி வைத்தது. சொம்பை நான் தொடாமல் குடத்திலிருந்து ஊற்றினேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு நான் மண் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏனுங் சாமி, மம்முட்டிய இப்பிடிப் புடிக்கறீங்? அந்த நெலம் என்ன உங்களுக்கு ஆகாதவனுங்ளா?”

“பின்ன எப்படிப் புடிக்கறது?”

“தூக்கி வுட்டாப் போதுமுங். அதும்பட கனத்துக்கு அதுவே எறங்கும். நீங்க அமுக்க வேண்டியதில்லீங்.”

அப்படிச் செய்தேன். வேலை சுருக்காக நடந்தது.

மார்ச் 21, வியாழன்

சாந்தாமணி போன் செய்தாள். வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை, குழந்தை தூங்கும் நேரத்தில். மாத்திரை சாப்பிட்டீர்களா, கேஸ் தீர்ந்துவிட்டதா, இவ்வளவுதான் கேட்பாள். இன்று மட்டும் ஒன்று அதிகமாகக் கேட்டாள்.

“என்னமோ பொடக்காலிய நோண்டறீங்களாமா? பால்காரர் பொண்டாட்டி சொன்னா.”

“தளம் போடறேன்.”

“எதுக்கு?”

“துணி காயப்போட.”

“ரண்டு வேட்டி காயப்போடறதுக்கா?”

குழந்தை எழுந்துவிட்டது போல. போனில் சத்தம் கேட்டது. முதல் தடவையாகக் கேட்கிறேன். “ஆதிரை எந்திரிச்சுட்டா, வெக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

ஆதிரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 25, திங்கள்

மண் எடுத்து முடிந்தது. திமிசுக் கட்டையை வாடகைக்கு வாங்கி வந்து தரையை இடித்தேன். கட்டையைத் தூக்கிப் போட, தூக்கிப் போட, தரை இறுகுகிறது. நூறு வரை எண்ணினேன். அப்புறம் எண்ணவில்லை. சத்தம் கேட்டு மூன்றாம் வீட்டு டீச்சரம்மா மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் நிமிரவில்லை.

மார்ச் 29, வெள்ளி

ஈரோடு ரோட்டில் கல் அறுக்கிற பட்டறைக்குப் போனேன். சமையல் மேடைக்கு அறுத்தது போக மிஞ்சின கடப்பாக் கல் துண்டுகள் பின்பக்கம் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. முக்கோணம், சாய்சதுரம், ஓரம் உடைந்தது, எந்த வடிவத்துக்கும் சேராதது. ஏற்றுக்கூலி கொடுத்து எடுத்துக்கொண்டு போங்கள், இடம் காலியானால் போதும் என்றார் பட்டறைக்காரர். குட்டியானை வண்டியில் ஒரு லோடு வந்தது. உட்கார ஒரு நீளக் கல்லும் கிடைத்தது. மூலை மட்டும் மூளி.

இறக்கும்போது ஒரு துண்டு கால் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்துவிட்டது. வலித்திருக்க வேண்டும். வலிக்கிறதா என்று நின்று பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஜல்லியும் உடைந்த செங்கல்லும் பரப்பினேன். மறுபடி திமிசு.

ஏப்ரல் 6, சனி

வாட்டம் பிடிக்கிற வேலை. டியூபில் தண்ணீர் ஊற்றி நான்கு மூலைக்கும் மட்டம் பார்த்து நூல் கட்டினேன். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. வீடு கிழக்குப் பார்த்தது. பொடக்காலி மேற்கே. சந்து அதற்கும் மேற்கே. தண்ணீரைச் சந்துக்கு விடுவதுதான் சுலபம். ஆனால் வாஸ்துப்படி தண்ணீர் ஈசானி மூலைக்குத்தான் ஓட வேண்டும். மேற்கே ஓடினால் குடும்பத்தில் இருக்கிறதும் ஓடிவிடும் என்பார்கள். ஏற்கெனவே ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு முழி பிதுங்கிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தப்புக்குத் தெம்பு இல்லை. வாட்டத்தை வடகிழக்குக்குக் கொடுத்தேன்.

மாராத்தாள் வந்து நூலைப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“தண்ணி வூட்டுப் பக்கமுங்ளா போகுது?”

“ஈசானி மூலை.”

“ஈசானி மூலையில உங்க சமையக்கட்டுக் கதவல்லங் இருக்குது?”

“ஒன்றரை அங்குலந்தான். வெயில் காலம்.”

“சாமி பாத்துக்கும்ங்றீங்” என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

முதல் கல் பதித்தேன். பிறகு பெயர்த்தேன். மறுபடி பதித்தேன்.

ஏப்ரல் 13, சனி

இப்போது கை பழகிவிட்டது. குழைத்த கலவையைக் கரண்டியால் போட்டு, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் நான்கு தட்டு. ஆடினால் எடுத்து இன்னும் கொஞ்சம் கலவை. ஒரு துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு சேரும் என்று குவியலைக் கிளறிக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரம் போவது தெரிவதில்லை. இன்று பதினான்கு கல். ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நின்றது.

நாளை சித்திரை ஒன்று. வீட்டில் கனி வைக்க யாரும் இல்லை. நானும் வைக்கவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

சாந்தாமணி போன். இரண்டு நாளாகச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் உருட்டி வைத்திருந்தேன். கேஸ் தீரவில்லை, மாத்திரை சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அதையும் சொன்னேன்.

“தளம் முடியப் போகுது. ஒரு ஞாயித்துக்கெழமை அவங்கள வரச் சொல்லு.”

“யார?”

“எல்லாரையும். குழந்தையையும்.”

“சாமி பூக் குடுத்துருச்சா?”

“இல்ல. சந்து வழியா வரட்டும். அங்க வாசப்படி இல்ல. கல்லுப் பெஞ்சு போட்டிருக்கேன். காத்தோட்டமா இருக்கும். சாப்பிட்டுட்டு சாயந்தரம் போகலாம். சத்தியத்துக்கும் ஒண்ணும் ஆகாது.”

“சந்து வழியாங்களா” என்றாள். அப்புறம், “கேட்டுப் பாக்கறேன்” என்றாள்.

ஏப்ரல் 20, சனி

கல் முழுவதும் பதித்து முடிந்தது. இடுக்குகளில் சிமெண்டுப் பால் ஊற்றினேன். 4.25க்கு முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். தளம் நன்றாக வந்திருக்கிறது. இதை எழுதுவதில் தப்பில்லை.

ஏப்ரல் 24, புதன்

ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் காட்டுகிறேன். காலை, மத்தியானம், சாயந்திரம்.

ஏப்ரல் 25, வியாழன்

சாந்தாமணி போன்.

“வர்றாங்களாம். மே பன்னண்டு. மாப்ளை சரின்னுட்டார்.”

“சுகந்தி?”

“அவ துணி மடிச்சுட்டு இருந்தா. மடிச்சுட்டே இருந்தா.”

ஏப்ரல் 30, செவ்வாய்

நாற்றுப் பண்ணையில் போடுகிற பச்சை வலை, பழையது, ஒருவர் கொடுத்தார். நான்கு கம்பம் நட்டு மேலே கட்டினேன். வெயில் பாதியாகிவிட்டது. தளத்தின் மேல் கட்டம் கட்டமாக நிழல்.

மாராத்தாள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள்.

“யாருங் சாமி வர்றாங்க, இத்தன பாடு படறீங்?”

“மகளும் மாப்பிள்ளையும்.” அந்த வார்த்தையை நான் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை. அவளிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாக இல்லை.

“வூட்டுக்குள்ள வர மாட்டாங்ளா?”

“இங்க காத்தோட்டமா இருக்கும்.”

“மாப்ளை எங்காளுங்கதானுங்களே?”

ஊருக்கே தெரிந்ததுதான். தலையாட்டினேன்.

சொம்பைக் கழுவிச் சுவர் மேல் கவிழ்த்து வைத்தாள். “அப்பச் சரிங்” என்றாள்.

என்ன சரி என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

மே 11, சனி

தளத்தை இரண்டு தடவை கழுவினேன். நான்கு பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். வாழை இலை, பருப்பு, கத்தரிக்காய். பாயாசத்துக்குச் சேமியா. ஒரு சின்ன ஜமுக்காளம் புதிதாக வாங்கினேன். குழந்தையைக் கிடத்த.

மே 12, ஞாயிறு

இதைச் சாயந்திரம் எழுதுகிறேன். ஒழுங்காக எழுத வேண்டும்.

11.20க்கு வந்தார்கள். வாடகைக் கார் சந்துக்குள் நுழையாது. சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். முன்னால் சாந்தாமணி, கையில் தூக்குப்போசி. பின்னால் சுகந்தி, தோளில் குழந்தை. கடைசியில் மதிவாணன், ஒரு பை நிறையப் பழம். சந்துக்கு அந்தப் பக்கம் கட்டுகிற வீட்டில் வேலைக்கு லீவு, அதனால் யாரும் இல்லை. நான் தகரக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுகந்தி இளைத்திருந்தாள். “நல்லா இருக்கீங்ளாப்பா?” என்றாள். நல்லா இருக்கேன் என்றேன். ஐந்து வருடம் இவ்வளவில் முடிந்துவிட்டது.

மதிவாணன் தளத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். “நீங்களே போட்டீங்ளா மாமா? ஒரு கல்லுகூட ஆடலீங்களே.” குனிந்து இடுக்கைத் தடவிக்கூடப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்த்துப் பேச வரவில்லை. தளத்தைப் பார்த்தே பதில் சொன்னேன்.

சாப்பாட்டுக்கு நேரமானது. சாந்தாமணி உள்ளே போய் எல்லாவற்றையும் எடுத்து வருவாள் என்று நினைத்திருந்தேன். அவள் கல்பெஞ்சிலிருந்து எழவில்லை.

“நீ உள்ள போலாமே. உனக்கு என்ன?”

“எம்பட புள்ள எங்க உக்கார்றாளோ அங்கயே நானும் உக்காந்துக்கறேன். நீங்களே எடுத்துட்டு வாங்க.”

சமையலறைப் படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி நானே பரிமாறினேன். ஜமுக்காளத்தில் ஆதிரை காலை உதைத்துக்கொண்டு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தியின் நெற்றி அப்படியே. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மதிவாணனுக்கு இரண்டாவது தடவை சோறு போட்டபோது அவர் சொன்னார்: “எங்க தாத்தா இந்த ஊருக்குத்தானுங் மாமா பண்ணையத்துக்கு வருவாரு. பொடக்காலியில உக்கார வெச்சு சோறு போடுவாங்களாம். கவுண்டர் வூட்டுக் கொழம்பு மாதிரி வராதுன்னு சாகற வரைக்கும் சொல்லுவாரு.”

குத்திக் காட்டவில்லை. கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்துகொண்டே, குழம்பைப் பாராட்டத்தான் சொன்னார். சுகந்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

என் கையில் சோற்றுப் போசி. மாராத்தாள் ‘அப்பச் சரிங்’ என்றது அப்போதுதான் விளங்கியது. இரண்டு மாதம் குனிந்து குனிந்து நான் போட்டது அந்த இடத்தைத்தான். மண்ணாக இருந்ததைக் கல்லாக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சாந்தாமணி போன நாளிலிருந்து எனக்கு எதுவும் தோன்றாமல் இருந்தது. முதலில் தோன்றியது இதுதான்.

1.50க்குக் காற்று அடித்தது. பிறகு மழை. கோடை மழை கேட்டுக்கொண்டா வரும். வலை வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. இலையெல்லாம் மிதந்தது. எல்லோரும் சமையலறைக் கதவோரம் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மேலே சன்ஷேடு ஒன்றரை அடிதான். நான் கொடுத்த வாட்டம் சரியாக வேலை செய்தது. தளத்துத் தண்ணீர் அவ்வளவும் அவர்கள் கணுக்காலுக்கு வந்தது. சாந்தாமணி குழந்தையைச் சேலைக்குள் மூடிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது.

நான் படிக்கு உள்ளே நின்றிருந்தேன். எனக்கும் சுகந்திக்கும் நடுவில் ஒரு கை தூரம். உள்ளே வாங்க என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். சூடம் அடித்த கை கண்ணில் வந்தது. சிவப்புப் பூவும் வந்தது. இவள் மிதித்து, அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அது பயம்தானா, இல்லை, பதினெட்டுப் பங்காளிகளிடம் வைத்திருந்த ரோசமா? எனக்கே தெரியவில்லை.

சுகந்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நாங்க உள்ள வர மாட்டம்ப்பா. பயப்படாதீங்க” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மதிவாணன் சட்டையைக் கழற்றிக் குழந்தையின் மேல் போர்த்தி வாங்கிக்கொண்டார். “பரவால்லீங் மாமா, கார்ல உக்காந்துக்கறம்” என்று சந்தில் ஓடினார். சுகந்தியும் பின்னால் போனாள். சாந்தாமணி தூக்குப்போசியைத் தேடி எடுத்தாள். நனைந்துகொண்டே தளத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க, கெழக்க வாட்டம் குடுத்தாத் தண்ணி எங்க போகும்? வூட்டுக்குள்ளதான் வரும்.”

போய்விட்டாள். தண்ணீர் படியைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்திருந்தது.

மே 13, திங்கள்

துடைத்தேன்.

மே 14, செவ்வாய்

நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தேன். மாராத்தாள் வந்தாள். சுவர் மேல் சொம்பு இல்லாததைப் பார்த்தாள். உள்ளேயிருந்து நான் குடிக்கிற டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னுங் சாமி, ஒடம்புக்குச் சரியில்லீங்ளா?” என்று கேட்டாள்.

மே 16, வியாழன்

வியாழக்கிழமை. போன் வரவில்லை.

மே 17, வெள்ளி

நானே கூப்பிட்டேன். நான்காவது தடவை எடுத்தாள்.

“புள்ளைக்குக் காச்சல். திங்கக்கெழமையிலிருந்து. நெஞ்சுல சளி கட்டிருச்சு. நேத்து பூரா ஆஸ்பத்திரியில. பேச நேரமில்லீங்.”

வைத்துவிட்டாள்.

சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. அவள் என் வாசப்படியை மிதிக்கவில்லை. நான் காப்பாற்றினேன். குழந்தைக்குக் காய்ச்சல்.

இதற்கு மேல் எந்தச் சாமியிடம் போய் என்ன பூக் கேட்பது?

மே 19, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. டைரி இங்கே இருந்தது, நான் ஈரோட்டில் இருந்தேன். மாற்று வேட்டி எடுக்க வந்திருக்கிறேன். 3.40 வண்டிக்குத் திரும்பப் போகிறேன். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று 8.15 வண்டி எட்டு நிமிடம் தாமதம். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சாந்தாமணி முன்பு எழுதி வைத்துவிட்டுப் போன விலாசத்தைக் காட்டி விசாரித்து நடந்தேன். குறுகலான தெரு. கீழே தையல் கடை, மேலே குடியிருப்பு. தெருவைப் பார்த்து இரும்புக் கைப்பிடி போட்ட மாடிப்படி. மேலே கம்பியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

படிக்கட்டின் கீழே வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் கால் போகவில்லை. அவர்களைச் சந்து வழியாக வரச் சொன்னவன் நான். எந்த முகத்தோடு முன்பக்கமாக ஏறுவது? கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். சாக்கடை, தையல் கடையின் வெட்டுத் துணி மூட்டை, கதவில்லாத ஒரு சுவர். இன்னொரு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். அங்கே ஆள் போகிற அளவு இடமே இல்லை. மறுபடி முன்னால் வந்தேன். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“யாருங்க வேணும்?”

பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து குரல் கேட்டது. சுகந்தி துணி எடுக்க வந்திருக்கிறாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா? அங்க என்ன தேடறீங்க?”

“புள்ளைக்கு எப்பிடி இருக்குது அம்மிணி?”

“காலையில காச்சல் விட்டுருச்சு. பால் குடிச்சுட்டுத் தூங்கறா. நீங்க என்ன சுத்திச் சுத்தி வர்றீங்க?”

தையல்காரர் இருந்தார். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

“பின்னால வழி இருக்குதான்னு பாத்தேன்.”

அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை வந்து நின்றார். அவர் இறங்கி வரப் பார்த்தார். சுகந்தி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இந்த வூட்டுக்கு ஒரே வாசப்படிதானுங்ப்பா. எல்லாரும் அதைய மிதிச்சுத்தான் வரோணும்.”

பதினாறு படி. செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறினேன்.